மூன்றாம் வரிசை

கொக்குவிலில் தில்லைநாதன் வளவில் நின்ற அவகாடோ மரத்தைத் தறித்து விழுத்த நமசிவாயத்துக்கு அரைநாள் பிடித்தது. அடிக்கட்டையைக் கிளப்ப மற்ற அரைநாளும் போகும் என்று நினைத்திருந்தார். போகவில்லை. அலவாங்கை அடியில் கொடுத்து ஒருமுறை நெம்பியதும் கட்டை ஆடியது. இருபது வருடத்து மரம், சூத்தைப் பல்லுப் போலக் கழன்று வந்தது.

வேரைக் கையில் எடுத்துப் பார்த்தார். பெருவேர் இருந்தது. அதிலிருந்து மயிர்போலப் பிரிகிற சிறுவேர் அநேகமாக ஒன்றுமே இல்லை. மிஞ்சியிருந்த நாலைந்தும் கறுத்துப்போய், விரல் பட ஒடிந்தன. முப்பத்தைந்து வருடமாக மண் கொத்துகிற மனிதர். காய்ந்து செத்த வேரைத் தெரியும். கறையான் தின்ற வேரைத் தெரியும். இது ஈரத்துக்குள் நின்றுகொண்டே செத்த வேர்.

"போன வருசம் கொப்பு முறியக் காய்ச்ச மரம்," என்றார் தில்லைநாதன். தபால் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர். நிழலில் கதிரை போட்டு இருந்தார். "ஆரின்ரையோ கண் பட்டுப்போச்சு, நமசி."

"கண்ணுமில்லை ஒண்டுமில்லை ஐயா," என்றாள் நிவேதனா. அவள் விவசாயப் போதனாசிரியை. தில்லைநாதன் மூன்று தரம் தொலைபேசியில் கூப்பிட்டதால் வந்திருந்தாள். மண் ஒட்டாமல் இருக்கச் சப்பாத்துக்கு மேலே பொலித்தீன் சொப்பிங் பை கட்டியிருந்தாள். "சின்னச் சின்னக் காயாய், கனக்கக் காய்ச்சதெல்லோ? சாகப்போற மரம் உப்பிடித்தான் காய்க்கும். இது வேர் அழுகல். அண்டைக்கே பாதி வேர் போயிருக்கும்."

நமசிவாயம் வேரைக் கீழே போட்டார்.

"இந்த மண்ணிலை ஒரு சிறங்கைகூட வெளியிலை போகப்படாது," என்று நிவேதனா அவரைப் பார்த்துச் சொன்னாள். "பங்கசு, பூஞ்சணம் மாதிரி ஒண்டு, அண்ணை. தண்ணியைக் கண்டால் நீந்தும்."

தில்லைநாதன் சிரித்தார். "நீந்துமோ? காலும் கையும் இருக்கோ பிள்ளை அதுக்கு?"

"வால் இருக்கு ஐயா. எங்கடை கண்ணுக்குத் தெரியாது. வேர் இருக்கிற பக்கம் தேடிப் போகும். தண்ணி தேங்கி நிண்டால் அதுக்குக் கொண்டாட்டம். அதுதான் உந்த மரத்தை மேட்டிலை வைக்கவேணும் எண்டு தொண்டை கிழியக் கத்திறம். எங்கடை ஆக்கள் கல்லை உடைச்சுக் கிடங்கு வெட்டித்தான் வைப்பினம். கல்லுக்குள்ளை கிடங்கு எண்டால் சட்டி மாதிரி. விட்ட தண்ணி எங்கை போறது?" பிறகு நமசிவாயத்தின் கால்களைக் காட்டினாள். "போகமுதல் மண்வெட்டி, அலவாங்கு, செருப்பு எல்லாம் மண் போகச் சுரண்டிக் கழுவி, குளோரின் தண்ணியிலை தோயுங்கோ."

"மிஸ்," என்றார் நமசிவாயம். "மண் முந்தியே எங்கையும் போயிருந்தால்?"

"எங்கை போனது?"

"சும்மா கேட்டனான்."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். "போயிருந்தால் போனதுதான். மண்ணை விட்டு அதைக் கலைக்க ஏலாது. மற்ற இடத்துக்குப் போகாமல் மறிக்கலாம், அவ்வளவுதான்."

அவர் மண்வெட்டியைச் சுரண்டத் தொடங்கினார். தகடு மினுங்கிய பிறகும் சுரண்டிக்கொண்டிருந்தார்.

வைகாசியில் இதே மரத்தடியிலிருந்து ஓர் உரப்பை நிறைய மண் அள்ளியவர் அவர்தான். தெல்லிப்பழையில் அவர் கூலிக்குப் போகிற உதயகலாவின் காணியில் முப்பது அவகாடோக் கன்று வைத்த நேரம். ஒட்டுக்கன்றுகள். முப்பது கிடங்கையும் அவரே அலவாங்கால் சுண்ணாம்புக்கல்லை உடைத்து வெட்டினார். இரண்டடிச் செம்மண்ணுக்குக் கீழே கல். இடுப்பளவுக்கு இறக்கினார். இப்படி ஒரு கிடங்கு வேறு எவனும் வெட்டமாட்டான் என்று மனதுக்குள் பெருமை. கன்று வைக்கும்போது நன்றாகக் காய்த்த மரத்தடி மண்ணில் ஒரு பிடி கிடங்குக்குள் போடுவது அவர் வீட்டுப் பழக்கம். தகப்பன் பலாவுக்கும் போட்டார், மாவுக்கும் போட்டார். கொப்பு முறியக் காய்த்த அவகாடோ கொக்குவிலில் நின்றது. சைக்கிள் கரியரில் பையைக் கட்டிக்கொண்டு போனார்.

பை இரண்டு வரிசைக்குத்தான் காணும்படி இருந்தது. வரிசைக்குப் பத்துக் கன்று. மூன்றாம் வரிசைக்கு மண் இல்லை. திரும்பக் கொக்குவிலுக்குச் சைக்கிள் மிதிக்கப் பஞ்சியாக இருந்தது. விட்டுவிட்டார். உதயகலா தேத்தண்ணி ஊற்றப் போயிருந்தாள். அவளுக்கு அவர் சொல்லவில்லை. நல்லது செய்துவிட்டுச் சொல்லிக் காட்டுகிற ஆள் இல்லை அவர்.

அடுத்த நாள் காலை கமலாவதி பாணை வெட்டி வைத்துவிட்டுப் புருசனின் முகத்தைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, என்ன மூஞ்சை இப்பிடிக் கிடக்கு? வயித்துக்கை ஏதும் செய்யுதோ?"

சொன்னார். அவள் கேட்ட முதற்கேள்வி, "மண் போட்டதை ஆரும் கண்டவையோ?"

"இல்லை."

"அப்ப ஏன் வாயைத் திறக்கப்போறியள்?"

"அவளின்ரை கன்றெல்லாம் சாகப்போகுதெடி."

"செத்தால் மாரி மழையிலை செத்ததெண்டு இருக்கட்டும். நமசியின்ரை மண்வெட்டி பட்டால் மரம் பட்டுப்போகும் எண்டு ஒரு வாய் சொன்னால் காணும், காங்கேசன்துறை வரையும் கதை போயிடும். பேந்து ஆர் உங்களைத் தோட்டத்துக்கை விடுவினம்? கல்லுடைக்கப் போற வயதோ உங்களுக்கு?"

அவர் பாணைத் தேத்தண்ணிக்குள் தோய்த்தார். அது ஊறி உடைந்து விழுந்தது. உதயகலாவின் காணி ஒன்றுதான் கிழமைக்கு நாலு நாள் நிச்சயமான வேலை. மற்றதெல்லாம் கூப்பிட்டால் போவது. கூப்பிடாவிட்டால் வீட்டில் இருப்பது. கமலாவதி சொன்னதில் பிழை இல்லை.

இரண்டு நாள் கழித்து இறைப்பு. உதயகலா தண்ணீர் இறைக்கிற மிசினைக் கயிறு இழுத்து ஓடவிட்டாள். முப்பத்தெட்டு வயதுப் பெண். புருசன் பார்த்தீபன் கட்டாரில் லொறி ஓடுகிறான். காணி அவளுடைய தகப்பன் வழிக் காணி. முப்பது வருடத்துக்கு மேல் இராணுவ வேலிக்குள் கிடந்து திரும்பி வந்தது. இரண்டு வருடம் பற்றை வெட்டி, உடைந்த சீமெந்துக் கட்டை பொறுக்கிப் பிறகுதான் மண் கண்ணில் பட்டது. ஒருமுறை வெங்காயம் வைத்துத் தோற்றாள். இப்போது அவகாடோ. வேறு ஒன்றும் அங்கே நடவில்லை.

கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் விழுந்து முதலாம் வரிசைக்கு ஓடியது. தண்ணீர் மாறுவது நமசிவாயத்தின் வேலை. பாத்தி வரம்பை மண்வெட்டியால் வெட்டித் திறக்கவேண்டும். நிறைந்ததும் அதே சேற்றை வழித்து அடைக்கவேண்டும். பிறகு அடுத்த பாத்தி. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்றைக்கு ஒவ்வொரு வெட்டையும் கண் பார்த்தது. பத்தாம் பாத்தியின் சேறு பதினோராம் பாத்திக்குப் போகிறது. அதன் சேறு அடுத்ததற்கு. இருபதாம் பாத்தியை அடைத்துவிட்டு நிமிர்ந்தபோது தகட்டில் கட்டியாகச் சேறு ஒட்டியிருந்தது. முன்னால் மூன்றாம் வரிசை. வைகாசியிலிருந்து எத்தனை இறைப்பு? எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

வாய்க்காலை விட்டுக் கிணற்றடிக்கு ஓடி, தொட்டித் தண்ணீரில் மண்வெட்டியைப் போட்டுத் தேய்த்தார்.

"என்ன நமசியண்ணை, மண்வெட்டிக்கு முழுக்கோ? கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறியளோ?"

"பிடி வழுக்குது பிள்ளை."

"பிடி வழுக்கினால் தகட்டையோ தேய்க்கிறது?" அவள் சிரித்தாள். "கெதியா வாங்கோ, பாத்தி உடைக்கப்போகுது."

திரும்பி வந்தார். காலைக் கழுவவில்லை என்பது மூன்றாம் வரிசைக்குள் கால் வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"பிள்ளை, உவ்வளவு தண்ணி தேவையில்லைப் போலை. பத்து நாளைக்கு ஒருக்கா விட்டால் காணும்."

"நீங்கள்தானே சொன்னனீங்கள், வாழைக்கு விடுற மாதிரி விடவேணும் எண்டு?"

"அது அப்ப."

"இப்ப என்ன வந்தது? மண் கொதிக்கிற கொதியைப் பாருங்கோ. குஞ்சுக் கன்றைப் பட்டினி போடச் சொல்லுறியளோ?"

அவர் குனிந்து அடுத்த பாத்தியின் வரம்பை வெட்டித் திறந்தார்.

அடுத்த இறைப்பும் அப்படியே போனது. வேலை இல்லாத நாட்களிலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தக் காணிப் பக்கம் போனார். வேலிக்கு வெளியே நின்று கன்றுகளைப் பார்த்தார். இலை மினுங்கினால் மூச்சு வந்தது. காற்றுக்கு ஓர் இலை மடங்கினால் அது திரும்ப நிமிரும்வரை நின்றார். வீட்டில் முகம் கழுவும்போது வாளித் தண்ணீரை உற்றுப் பார்த்தார். தெளிந்த தண்ணீர். அதில் ஒன்றும் நீந்தவில்லை. கண்ணுக்குத் தெரியாது என்று அந்தப் பிள்ளை சொன்னதை நினைத்ததும் தண்ணீரை ஊற்றிவிட்டார். வானொலியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்றார்கள். இரண்டு நாளில் கனமழை.

மரம் தறித்த எட்டாம் நாள் காலை, மழை இன்னும் தொடங்கவில்லை. கடல் பக்கம் கறுத்துக் கிடந்தது. நமசிவாயம் படலையைத் திறந்தபோது உதயகலா இரண்டாம் வரிசையில், நாலாம் கன்றடியில் வாளியோடு நின்றாள். கன்றின் இலை முழுவதும் தொங்கியிருந்தது. பச்சை நிறம் இருந்தது, உயிர் இல்லை. அவள் வாளியைச் சரித்தாள்.

"அதுக்குத் தண்ணி விடாதேங்கோ!"

அந்தக் குரலுக்கு அவளுடைய கை நின்றது. "ஏன் அண்ணை கத்திறியள்? வாடிப்போய் நிக்குது. விடியவும் ரண்டு வாளி ஊத்தினனான். எழும்புதில்லை."

"தண்ணியாலைதான் வாடுது."

"தண்ணியாலை வாடுறதோ? என்ன விசர்க்கதை இது?"

அவர் முழங்காலில் இருந்து, விரலால் மண்ணைக் கிளறினார். பாத்திக்குள் விரல் கணுவரை சேறு. புளித்த மணம் வந்தது. ஒரு வேரை இழுத்தார். மேல்தோல் கையோடு கழன்று, உள்ளே நூல் மட்டும் நின்றது. கறுப்பு. அவளிடம் நீட்டினார்.

"இது வேர் அழுகல்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

இப்போதும் தப்ப ஒரு வழி இருந்தது. கன்றோடு வந்தது என்று சொல்லலாம். கன்று விற்றவன் எங்கேயோ தூரத்தில் இருக்கிறான், அவனை யார் போய்க் கேட்கப்போகிறார்கள்? அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளுடைய தோளுக்குப் பின்னால் மூன்றாம் வரிசை தெரிந்தது. பத்துக் கன்றும் செந்தளிர் விட்டு நின்றன. கன்றோடு வந்தது என்றால் முப்பதிலும் வந்தது என்றாகிவிடும். முப்பதையும் ஒன்றாக நினைப்பாள், மூன்றாம் வரிசையைத் தனியாகக் காக்கமாட்டாள். பை எந்த இடத்தில் முடிந்தது என்பது உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும்.

"நான்தான் கொண்டந்தனான், பிள்ளை," என்றார்.

சொன்னார். பை, மரம், ஒரு பிடி மண், தில்லைநாதன் வளவு, அந்த மிஸ் சொன்னது. ஒழுங்கில்லாமல், முன்னுக்குப் பின்னாக. வாளி அவளுடைய கையில் சரிந்தது. தண்ணீர் தளும்பிப் பாத்திக்குள் விழுந்து, சேறு காலில் தெறித்தது. பாம்பைக் கண்டவள் போல அவள் பின்னால் துள்ளினாள். பிறகு தன்னுடைய செருப்பைப் பார்த்தாள். பிறகு மூன்றாம் வரிசையை. காலையில் அங்கேயும் போய் வந்திருக்கிறாள் என்பது அவளுடைய முகத்தில் தெரிந்தது.

"எட்டு நாளாத் தெரியும்."

"ஓம்."

"ரண்டு இறைப்பு. நீங்களே நிண்டு தண்ணி மாறினனீங்கள். என்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு."

"ஓம்."

"முப்பது வருசம் ஆமிக்காரன் வைச்சிருந்தவன், அண்ணை. அவன்கூடப் போகேக்கை மண்ணை விட்டிட்டுப் போனவன்." அவர் தலையை நிமிர்த்தவில்லை. "ஏன் சொல்லேல்லை?"

"பயத்திலை."

"என்ன பயம்?"

"நீங்கள் வேலையாலை நிப்பாட்டிப்போடுவியள் எண்டு."

அவள் சிரிப்பது போல ஒரு சத்தம் போட்டாள். "இப்ப மட்டும் என்ன செய்வன் எண்டு நினைக்கிறியள்?"

கடல் பக்கமிருந்து முதற்காற்று வந்து கன்றுகளைப் புரட்டியது. மழை மணத்தது. அவள் மேலே பார்த்தாள். கோபத்துக்கு நேரம் இல்லை என்று அப்போதுதான் கண்டிருக்கவேண்டும்.

"அந்த மிஸ்ஸின்ரை நம்பரைத் தாங்கோ."

நிவேதனா மறுமுனையில் கத்திக் கதைத்தாள். தள்ளி நின்ற நமசிவாயத்துக்கும் கேட்டது. மழை வரமுதல் இரண்டாம் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் இடையில் ஆழமாக வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தெரு வடிகாலான கானுக்கு இறக்கவேண்டும். பாத்தி வரம்புகளை உடைத்துத் தண்ணீர் தேங்காமல் விடவேண்டும். அந்தப் பக்கத்து மண்வெட்டி இந்தப் பக்கம் வரக்கூடாது, கால் வரக்கூடாது. மருந்து நாளைக்குக் கொண்டுவருவாள். மருந்து அழுகின வேரைத் திருப்பித் தராது, மற்ற வேருக்குத் தெம்பு கொடுக்கும். "மூண்டாம் வரிசையும் தப்பும் எண்டு நான் சொல்லமாட்டன் அக்கா. வெட்டுங்கோ முதல்."

உதயகலா கிணற்றடிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி எறிந்தாள். சவர்க்காரம் போட்டு முழங்கால்வரை தேய்த்தாள். குசினியிலிருந்து குளோரின் போத்தலை எடுத்துவந்து காலில் ஊற்றினாள். எரிந்திருக்கவேண்டும்; பல்லைக் கடித்தாள். வீட்டுக்குள் கிடந்த புது மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வேலியோரமாகச் சுற்றி மூன்றாம் வரிசைப் பக்கம் போனாள்.

"நீங்கள் அங்காலை நிண்டு வெட்டுங்கோ. ஒரு அடி இஞ்சாலை வைச்சியள் எண்டால் மண்வெட்டியாலை போடுவன்."

"ஓம் பிள்ளை."

வெட்டினார்கள். அவள் அந்தக் கரையில், அவர் இந்தக் கரையில். மேல் இரண்டடிச் செம்மண் இலகுவாக வந்தது. பிறகு கல். அவர் அலவாங்கை எடுத்தார். கல்லில் பட்டுத் தெறிக்கிற ஒவ்வொரு துண்டும் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். ஒன்று அவள் பக்கம் பறந்தது. இருவரும் நின்றார்கள். அவள் அதைத் தகட்டால் தள்ளித் திரும்ப இந்தப் பக்கம் போட்டாள், தகட்டில் குளோரின் ஊற்றினாள்.

மழை பத்து மணிக்கு விழுந்தது. தூறல் என்று இல்லை, வந்தவுடனேயே அடித்தது. வாய்க்கால் தெருக்கானுக்கு எட்ட இன்னும் இரண்டு முழம் இருந்தது. முதலாம் வரிசைப் பாத்திகள் நிறைந்து வழியத் தொடங்கின. சிவந்த தண்ணீர் இரண்டாம் வரிசைக்கு வந்து, அங்கிருந்து வெட்டுக்குள் விழுந்து, முனையில் போக வழியில்லாமல் நின்றது. ஏறியது. ஒரு சாண். இரண்டு சாண். கரை மட்டத்துக்கு நாலு விரல்.

"அண்ணை! ஏறுது!"

அவர் வெட்டுக்குள் குதித்தார். தொடையளவு தண்ணீருக்குள் நின்று, கண்ணுக்குத் தெரியாத கல்லை அலவாங்கால் குத்தினார். உள்ளங்கைத் தோல் கழன்றது. இந்தத் தண்ணீருக்குள் அவை நீந்துகின்றன, என் காலுக்கிடையால் போகின்றன, அந்தக் கரைக்குப் போகின்றன என்று நினைத்தார். வேறு ஒன்றும் நினைக்க முடியவில்லை. குத்தினார். அவள் அந்தக் கரையில் மண்ணை அள்ளி அள்ளி வரம்பு உயர்த்தினாள். நாலு விரல் இரண்டு விரலானது. கல் பிளந்தது. தண்ணீர் உறுமிக்கொண்டு தெருக்கானுக்குள் விழுந்தது.

மட்டம் இறங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் வரம்பில் குந்தினாள். மழை முகத்தில் ஓடியது.

"நான் ஊருக்குச் சொல்லத்தான் போறன்," என்றாள். "தில்லைநாதன் ஐயா வீட்டிலை இருந்து வேறை ஆரும் மண் அள்ளினவையோ எண்டு கேக்கவேணும். உங்கடை பேர் வராமல் சொல்ல ஏலாது."

"தெரியும்."

"நாளைக்கு வாங்கோ. மண்வெட்டி கொண்டராதேங்கோ. இஞ்சை உள்ளதோடை வேலை செய்யுங்கோ. ரண்டாம் வரிசைக்கு இஞ்சாலை வரப்படாது."

அவர் தலையாட்டினார். அலவாங்கை ஊன்றி வெட்டைவிட்டு ஏறினார். ஏறி நின்று மூன்றாம் வரிசையைப் பார்த்தார். பத்துக் கன்றும் மழைக்குள் வளைந்து நின்றன. ஏழாவது கன்று மற்றதைவிடக் கூட வளைந்திருந்தது. இலை நுனி மண்ணைப் பார்த்திருந்தது. மழையின் பாரமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இங்கிருந்து சொல்ல முடியாது. அவர் அங்கே போகவும் முடியாது.

அவள் எழும்பி வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"பிள்ளை!" என்று கூப்பிட்டார். மழையில் கேட்கவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டார். "பிள்ளை, போகாதேங்கோ! அந்த ஏழாவதை ஒருக்கா வந்து பாருங்கோ!"